பிள்ளைக்கு 18 முடிந்தால் ஜீவனாம்ச பாக்கியும் முடிந்ததா?

வாசகர் கேள்வி, 2 பிப்ரவரி 2025

விவாகரத்து ஆகிப் பல வருடம். பையனுக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்கச் சொல்லிக் குடும்ப நல நீதிமன்றத்தில் உத்தரவு. நடுவில் வேலை போனதால் நிறுத்திவிட்டேன். திரும்ப வேலை கிடைத்தபோது யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இப்போது அவனுக்கு 18 முடிந்து கல்லூரியில் சேர்ந்துவிட்டான். மேஜர் ஆனதோடு எல்லாம் முடிந்தது, பழைய பாக்கியையும் கேட்க முடியாது என்கிறார் நண்பர் ஒருவர். உண்மையா? கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும் அவனுடைய அம்மாவிடம் ஏன் கொடுக்க வேண்டும்? பையன் கணக்கிலேயே போட்டுவிடலாமே? அவனுக்கான பணம்தானே அது?

2 பிப்ரவரி, இரவு

முடியவில்லை. 18 முடிந்த அன்று மீட்டர் நிற்கும், அவ்வளவுதான். அதுவரை ஓடியதற்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

உங்கள் நண்பர் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு (2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு) மைனர் பிள்ளைக்கு மாதத்தொகை தரச் சொல்கிறது. ஆகவே 18க்குப் பிறகு வரும் மாதங்களுக்குப் புதிதாக ஏறாது. ஏற்கெனவே ஏறியதைப் பிறந்த நாள் கேக்கோடு சேர்த்து வெட்டிவிட முடியாது.

ஒன்று மட்டும் பாருங்கள். உத்தரவில் என்ன வார்த்தை இருக்கிறது? பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தவர்கள் சிலர் 'படிப்பு முடியும்வரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் மீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசிக் கேள்விக்குத் தனியாக எழுத வேண்டும். அதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

3 பிப்ரவரி

'நீங்கள் வக்கீலா?' என்று ஒருவர். இல்லை. இரண்டாம் மனுதாரர். முதல் மனுதாரர் அம்மா, மூன்றாவது தம்பி. எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் பக்கத்தில் 'மைனர், தாயார் காப்பாளர்' என்று அடித்திருக்கும். எதிர்மனுதாரர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

மனு போட்டது 2004. உத்தரவு 2006. பிள்ளைக்கு 2,500 வீதம், அம்மாவுக்கு எதுவும் இல்லை, அவருக்கு வேலை இருந்தது. தொகை மனு போட்ட தேதியிலிருந்து என்று எழுதியதால் உத்தரவு வந்த அன்றே பாக்கியும் பிறந்துவிட்டது. அப்போதெல்லாம் மனுத் தேதியிலிருந்தா, உத்தரவுத் தேதியிலிருந்தா என்பது நீதிபதியைப் பொறுத்தது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஜீவனாம்ச வழக்கிலும் மனுத் தேதியிலிருந்துதான் என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. வழக்கை இழுத்தால் தொகை குறையும் என்று வாய்தா மேல் வாய்தா வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவும். இழுக்க இழுக்க மொத்தத்தில் வந்து விழும் பாக்கிதான் பெரிதாகும்.

4 பிப்ரவரி

'ஒரு வருடத்துக்கு மேல் பழைய பாக்கியைக் கேட்க முடியாது, சட்டத்திலேயே இருக்கிறது' என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இருக்கிறது. ஆனால் அவர் சொல்கிற அர்த்தத்தில் இல்லை.

மாதத்தொகை வராவிட்டால் அபராதத்தை வசூலிப்பதுபோல வாரண்ட் போட்டு வசூலிக்கலாம், கட்டாதவரை ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம்வரை உள்ளே வைக்கலாம் என்கிறது 125(3). அந்த வாரண்டைக் கேட்கும் மனுவைத் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். வருடம் தாண்டினால் அந்தக் குறுக்கு வழி அடைபடும். கடனே போய்விடாது. 2013ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், தாய்க்கும் மகனுக்கும் ஆளுக்கு 300 ரூபாய் உத்தரவான வழக்கு அது, உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: ஒரு வருடக் கெடு வசூல் முறைக்கு மட்டும், உரிமைக்கு அல்ல, சிவில் வழியில் வசூலிக்கத் தடை இல்லை. வருடத்துக்குள் போட்ட மனு நிலுவையில் இருந்தால் அடுத்தடுத்த மாதங்களை அதிலேயே சேர்த்துக்கொண்டு போகலாம் என்பதும் அதற்கு முன்பே வந்துவிட்ட தீர்ப்பு.

எங்களைக் காப்பாற்றியது இதுதான். அம்மா ஆரம்பத்தில் போட்ட ஒரு பாக்கி மனு வாரண்ட் அவரிடம் போய்ச் சேராமல் தூங்கிக்கொண்டே இருந்தது. 'முகவரியில் ஆள் இல்லை' என்று திரும்பத் திரும்ப எழுதி வந்தது. ஆள் அதே முகவரியில்தான் இருந்தார், பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு. அந்தத் தூக்கத்துக்கு அப்போது எவ்வளவு வயிறெரிந்திருப்போம். கடைசியில் அது நிலுவையில் இருந்ததே எங்களுக்குச் சாதகமாகிவிட்டது.

4 பிப்ரவரி, பிறகு

மேலே சிவில் வழி என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டேன். அதற்கும் கெடு உண்டு. உத்தரவு சிவில் தீர்ப்பாணையாக இருந்தால் (உதாரணமாக இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956ன் கீழ் வாங்கியது) நிறைவேற்று மனு போட 12 வருடம், ஒவ்வொரு தவணையும் தவறிய நாளிலிருந்து தனித்தனியாக எண்ண வேண்டும். தனியாக வழக்குப் போட்டுத்தான் பாக்கி கேட்க வேண்டும் என்றால் இந்துக்களுக்குக் காலவரம்புச் சட்டத்தில் 3 வருடம். ஆகவே கேட்க வேண்டிய பக்கத்தில் இருப்பவர்கள், '2013 தீர்ப்பு இருக்கிறதே' என்று தூங்கிவிடாதீர்கள்.

சம்பளத்துக்கும் வித்தியாசம் உண்டு. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தை ஜப்தி செய்தால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் கடன் வாங்கியவருக்கு விட்டுவிட வேண்டும். ஜீவனாம்சத் தீர்ப்பாணை என்றால் தலைகீழ்: அவருக்கு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குதான். வங்கிக் கடனைவிடப் பிள்ளையின் சோறு முக்கியம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

5 பிப்ரவரி

'ஒரு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தால் கணக்கு சரியாகிவிடும்' என்கிறவருக்கு: ஆகாது. உள்ளே வைப்பது கட்ட வைப்பதற்கு. கட்டியதாக ஆகாது என்று 1980களின் இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. போய்விட்டு வந்தபின்னும் அதே தொகை அப்படியே நிற்கும்.

5 பிப்ரவரி, இரவு

சரி, பையன் கணக்கில் போடுவது.

அவனுக்கான பணம்தானே என்கிறீர்கள். ஆமாம், அந்தந்த மாதம் கொடுத்திருந்தால். அவன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது வராத 4,000 ரூபாய்க்குப் பதிலாக அந்த மாதம் யாரோ ஒருவர் ஃபீஸ் கட்டியிருக்கிறார், ஷூ வாங்கியிருக்கிறார். பையன் பட்டினியாக ஆறாம் வகுப்பிலேயே நின்றுவிடவில்லையே, வளர்ந்து கல்லூரிக்கு வந்துவிட்டானே. அப்படியென்றால் உங்கள் பங்கையும் சேர்த்து வேறு ஒருவர் போட்டிருக்கிறார். பாக்கி அவருக்குத்தான் போக வேண்டும். 18 வயதுப் பையன் கையில் மொத்தமாகக் கொடுத்தால் அவனுக்கு அது அப்பாவின் பரிசு. பைக் வரும். அப்பா நல்லவராகிவிடுவார். நகையை அடகு வைத்து அந்த வருடங்களை ஓட்டியவர் ஓரமாக நின்று பைக்கைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மா ஒரு நோட்டு வைத்திருந்தார். நீளமான கணக்கு நோட்டு, சிவப்பு அட்டை. இடது பக்கம் மாதத்தின் பெயர், எதிரே 'வந்தது' அல்லது ஒரு சிறிய கோடு. வலது பக்கம் அந்த மாதம் எங்களுக்கு ஆன பெரிய செலவு மட்டும்: டெர்ம் ஃபீஸ், தம்பிக்குக் கண்ணாடி, எனக்கு டைபாய்டு. அரிசி பருப்பெல்லாம் எழுத மாட்டார், 'அதெல்லாம் எழுதினால் கேவலம்' என்பார். 2007 நடுப்பகுதிக்குப் பிறகு இடது பக்கம் வெறும் கோடாகப் போகிறது. சில பக்கங்களில் கோடு போடக்கூட அலுத்துப்போய் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார்.

அந்த நோட்டை நீதிமன்றத்தில் காட்டியபோது எதிர்த்தரப்பு வக்கீல் 'இது அவர்களே எழுதிக்கொண்டது' என்றார். நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் கொடுத்ததை நிரூபிக்க வேண்டியவர் கொடுத்ததாகச் சொல்கிறவர். அவரிடம் எந்த நோட்டும் இல்லை.

6 பிப்ரவரி

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். காரம் கொஞ்சம் தூக்கல். இருக்கட்டும்.

ஆனால் சட்டப்படி அது அவ்வளவு நேராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உத்தரவில் மனுதாரர் பிள்ளை, அம்மா வெறும் காப்பாளர் என்று இருந்தால், பிள்ளை மேஜரான பிறகு வழக்கைத் தன் பெயரில் நடத்தலாம். நானும் அப்படித்தான் 'மைனர்' பட்டத்தை நீக்கச் சொல்லி ஒரு மனு போட்டு நேரடியாக வந்து நின்றேன். ஆகவே பணம் பெறும் உரிமை காகிதத்தில் பையனுடையதாகவே இருக்கலாம். அதற்காக நீங்களாகவே அவன் கணக்கைத் தேடிப்பிடித்துப் போட்டுவிட்டு 'தீர்ந்தது' என்று சொல்ல முடியாது. நாளைக்கு அந்தப் பக்கம் 'அது கல்லூரிச் செலவுக்கு அப்பாவாக விரும்பிக் கொடுத்தது, பாக்கி பாக்கியாகவே இருக்கிறது' என்றால் உங்களிடம் என்ன பதில்? உத்தரவு போட்ட நீதிமன்றத்தில் கட்டிவிடுங்கள். யார் எடுத்துக்கொள்வது என்பதை அம்மாவும் மகனும் நீதிபதி முன்னால் சொல்லிக்கொள்வார்கள். உங்களுக்கு அதில் வேலை இல்லை.

நான் என் பங்கை அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்று அடம். 'நான் என்ன வட்டிக்கா விட்டிருந்தேன்?' என்று கேட்டார்.

6 பிப்ரவரி, மாலை

தம்பி இதைப் படித்துவிட்டு அழைத்தான். தன்னைப் பற்றியும் எழுது என்கிறான். மேஜரான பிறகு அவன் வழக்கைத் தன் பெயரில் தொடரவில்லை. 18 ஆனதும் 'எனக்கு வேண்டாம், அந்த ஆளிடம் கையேந்த மாட்டேன்' என்று சொல்லிவிட்டான். அப்போது எனக்கு அது ரோஷமாகத் தெரிந்தது, கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அவன் விட்டுக்கொடுத்தது அம்மா ஏற்கெனவே செலவு செய்த பணத்தை. இதைச் சொன்னால் 'அம்மாவே கேட்கவில்லையே' என்பான். கேட்காதவர்களின் பணத்தைத் தாராளமாக விட்டுக்கொடுப்பது எல்லாருக்கும் சுலபம். (படிப்பாய் அல்லவா, படி.)

இதையொட்டி இன்னொன்று. 'விவாகரத்தின்போது மனைவியே பிள்ளைக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்' என்று இரண்டு மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளையின் உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றுதான் நீதிமன்றங்கள் பொதுவாகப் பார்க்கின்றன. அந்தக் காகிதத்தை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள்.

8 பிப்ரவரி

மகளானால் 18க்குப் பிறகும் உண்டா? உண்டு, ஆனால் கதவு வேறு. 125 அல்லது 144ல் மேஜர் பிள்ளைக்கு, உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை இருந்தால் மட்டும், அதுவும் மணமான மகளுக்கு இல்லை. இந்துப் பெண்ணாக இருந்தால் 1956 சட்டத்தின் 20(3)ன்படி, திருமணம் ஆகும்வரை, சொந்த வருமானமோ சொத்தோ போதாவிட்டால் தந்தையிடம் கேட்கலாம். 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. மகனுக்கு அந்த வழி இல்லை. இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும் பையன் சட்டத்தின் கண்ணில் தன் காலில் நிற்கிறவன். எந்தக் காலில் என்று தெரியவில்லை.

8 பிப்ரவரி, இரவு

திருமணம் என்று வந்ததால் இது. என் கல்யாணம் பேசி முடித்ததும் எதிர்மனுதாரர் ஆள் அனுப்பினார். இத்தனை பவுன் போடுகிறேன், மண்டபத்தில் அப்பாவாக நிற்கிறேன், பாக்கி வழக்கை வாபஸ் வாங்கிவிடு. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இது ரொம்ப அழகான யோசனையாகப் பட்டது. ஒரு பெரியம்மா அழுதேவிட்டார்.

எங்கள் வக்கீல் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். 1956 சட்டத்தில் பராமரிப்பு என்பதற்கான விளக்கத்திலேயே, மணமாகாத மகளின் நியாயமான திருமணச் செலவும் அதில் அடக்கம் என்று இருக்கிறது. அதாவது கல்யாணச் செலவு ஏற்கெனவே அவர் தலையில் இருக்கும் இன்னொரு கடமை. ஒரு கடனைக் காட்டி இன்னொரு கடனைத் தீர்க்கப் பார்த்திருக்கிறார்.

பவுன் வேண்டாம், பாக்கியைக் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கல்யாணத்துக்கு வரவில்லை. வாரண்ட் தேதிக்கு வந்தார். வராந்தாவில் அவருடைய வக்கீல் நோட்டை எண்ண, குமாஸ்தா ரசீது எழுத, நான்கடி தள்ளி அவர் சுவரில் ஒட்டியிருந்த வழக்குப் பட்டியலை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பகுதி கட்டியதும் வாரண்டைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த பகுதி அடுத்த வாரண்டுக்கு. இப்படியேதான் முழுத் தொகையும் வந்தது.

10 பிப்ரவரி

வெளிநாட்டிலிருந்து ஒருவர், அமெரிக்காவில் எப்படி என்று கேட்கிறார். அங்கே விளையாட முடியாது. ஒவ்வொரு தவணையும் தவறிய அன்றே தானாக ஒரு தீர்ப்பாகிவிடும், பின்தேதியிட்டு எந்த நீதிபதியும் குறைக்க முடியாது என்று 1986லிருந்தே கூட்டாட்சிச் சட்டம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடையாது. திவால் மனு போட்டாலும் அந்தக் கடன் போகாது. பிள்ளைக்கு 18 ஆனாலும் ஓடிய பாக்கி நிற்கும். வசூலிப்பதற்கான கால வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

11 பிப்ரவரி

வேலை போன காலத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டுமா என்று கேள்வி கேட்டவரே திரும்ப எழுதியிருக்கிறார். இதில் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. வேலை போவது யாருக்கும் வரும். அதற்குத்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு (இப்போது சன்ஹிதாவின் 146): சூழ்நிலை மாறியதென்று மனு போட்டுத் தொகையைக் குறைக்கச் சொல்லலாம். மனு போடாமல் தானாக நிறுத்திக்கொண்டால் உத்தரவு அப்படியே உயிரோடு இருக்கும், தொகையும் ஏறிக்கொண்டே இருக்கும். இத்தனை வருடம் கழித்து அந்த மாதங்களைக் குறைக்கச் சொல்லி வாதாடலாம், வேலை நீக்கக் கடிதம் இருந்தால் எடுத்துப் போங்கள். தவணை கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். 'யாரும் கேட்கவில்லை' என்பதை மட்டும் அங்கே சொல்லாதீர்கள். நீதிபதி முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

11 பிப்ரவரி, பிறகு

ஒரு வேடிக்கை. அதே 125ல், அதே 144ல், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத தாய் தந்தையும் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். மணமான மகளிடமும் கேட்கலாம் என்று 1987லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் தனித் தீர்ப்பாயம் வேறு, மாதம் 10,000 ரூபாய்வரை உத்தரவிடலாம். எதிர்மனுதாரருக்கு இப்போது வயதாகிறது. எப்போது சம்மன் வருமோ என்று தம்பி சிரிக்கிறான். வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். 'நீ எனக்குக் கொடுத்தாயா' என்று வாதாடத் தோன்றுகிறது. கோபம் அடங்கிய நேரத்தில் யோசித்தால், கொடுத்துவிடுவேன் என்றும் தோன்றுகிறது. மாதாமாதம், 5ஆம் தேதிக்குள், ரசீதோடு. அதில் ஒரு பழிவாங்கும் சுகமும் இருக்கத்தான் செய்கிறது, மறைப்பானேன்.

13 பிப்ரவரி

கட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். நல்லது சார். சில வேலைகள்.

முதலில் நீதிமன்றத்திலிருந்து உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு, எவ்வளவு என்று அதில் இருப்பதை வைத்துத்தான் கணக்கு. பாதிக் காலம் கொடுத்ததாகச் சொல்கிறீர்களே, அந்த வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து அந்த மாதங்களைக் கழியுங்கள். கையில் கொடுத்ததை அந்த அம்மா ஒத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

தவணையாகக் கட்டினால் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட மெமோ தாக்கல் செய்யுங்கள். கடைசித் தவணை கட்டியதும் பாக்கி முழுவதும் தீர்ந்தது என்று நீதிமன்றத்தில் பதிவு செய்ய வையுங்கள். வங்கி வழியாக அனுப்பச் சொல்லி உத்தரவானால் அனுப்பும்போது குறிப்பு என்று ஒரு கட்டம் வரும், அதில் ஜீவனாம்ச பாக்கி என்றே எழுதுங்கள். எங்கள் எதிர்மனுதாரர் ஒருமுறை அதில் 'கிஃப்ட்' என்று போட்டு அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வாய்தா முழுக்கச் சண்டை நடந்தது. அது கிஃப்ட் என்றால் பாக்கியில் கழியாது என்றார் எங்கள் வக்கீல். அவசர அவசரமாக அது கிஃப்டே இல்லை என்று அவரே பிரமாணப் பத்திரம் போட்டார்.

ரசீதிலும் எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை என்று எழுதி வாங்குங்கள். 'பழைய பாக்கிக்காக' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் மறுபடி முதலிலிருந்து கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கும்.